பேச்சு நின்றால் கிரேன் நிற்கும்

தம்பிகளே,

ஞாயிற்றுக்கிழமைகளில் துவாஸ் விடுதியிலிருந்து பஸ் ஏறித் தேக்காச் சந்தைக்கு வருகிறீர்கள். சாமான் வாங்கிவிட்டுத் திரும்பும்போது என் மனைவியின் பூக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்கிறீர்கள். "அண்ணே, நீங்க கிரேன் சிக்னல்மேனா இருந்தவராமே. எங்களுக்கு எதாச்சும் சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். நான் சிரித்துவிட்டு மல்லிகைக் கூடைக்குள் தலையைக் குனிந்துகொள்கிறேன். உங்களை மதிக்காமல் இல்லை. நாலு பேர் எதிரே நின்றால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போன வாரம் நீங்கள் போன பிறகு லெட்சுமி கேட்டாள், "பேச வராட்டி எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?" நான் படித்தது தொடக்கப்பள்ளி வரைதான். ஆனாலும் தமிழ் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பேச வராத ஆள் நாள் முழுக்கப் பேசுகிற வேலைக்கு எப்படிப் போனான் என்று நீங்கள் நினைக்கலாம். வாக்கிடாக்கியில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுதான் காரணம். பூன் லேயில் ஒரு கட்டட வேலையில் சாமான் கட்டிவிடுகிற ஆளாகச் சேர்ந்தேன். ஒருநாள் சிக்னல்மேன் வரவில்லை என்று என் கையில் வாக்கிடாக்கி செட்டைக் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினேன். மேலே கிரேனில் இருந்தவருக்கு என் குரல் கேட்டது. நான் சொன்னபடி பத்து மாடி உயரத்தில் இரும்பு நகர்ந்தது. அதுவரை நான் சொல்லி வீட்டில் மின்விசிறியைக்கூட யாரும் நிறுத்தியதில்லை.

மேலே இருந்தவர் காதர் பாய். செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அத்தா அங்கே துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்தவர். பாய் காலையில் எல்லாரும் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு வந்து தலையை ஆட்டிவிட்டு ஏணியில் ஏறினால், சாயங்காலம்தான் இறங்குவார். மதியச் சோறும் மேலேதான். வெகுநாள் அவரும் நானும் தரையில் பேசிக்கொண்டது 'என்ன பாய்', 'என்ன மணியம்' என்ற அளவில்தான். வாக்கிடாக்கியில் மட்டும் அண்ணன் தம்பி போல இருந்தோம்.

கட்டடத்தின் பின்பக்கம் சாமான் இறங்கும்போது கிரேன் ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. நடுவில் கட்டடம் மறைக்கும். அவருக்கு இருப்பது நம் குரல் ஒன்றுதான். அதனால் ஒரு வழக்கம் உண்டு. சாமான் இறங்குகிற வரை நாம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கிரேன் நிற்கும். பேட்டரி போனாலும், நாம் மயங்கி விழுந்தாலும், செட் கைதவறி விழுந்தாலும் மேலே இருப்பவருக்குக் கேட்பது மௌனம். மௌனம் என்றால் நிறுத்து. இது எங்கள் ஊர் வேலையிடங்களில் உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஒருதடவை இப்படி ஆயிற்று. இரும்புக் கட்டு ஒன்று பாதியில் நிற்கிறது. நான் கத்துகிறேன், பாயிடமிருந்து பதில் இல்லை. செட் செத்துவிட்டது என்று பேட்டரியை மாற்றினேன். அப்போதும் சத்தம் இல்லை. வேறு செட் வாங்க முன்பக்கம் ஓடினேன். அங்கே ஒருவர் கையில் இருந்த செட்டில் பாயின் குரல் தெளிவாகக் கேட்டது. "மணியம், நீ பேசுறது எனக்கு நல்லா கேக்குது லா. நான் பேசுறது உனக்குக் கேக்குதா? நான் எவ்வளவு நேரமா தனியா பேசிட்டிருக்கேன், பைத்தியக்காரன் மாதிரி." இடுப்புவாரில் உரசி, என் செட்டில் சத்தம் வைக்கிற குமிழ் அடியோடு திரும்பியிருந்தது. என் குரல் கேட்டும் அவர் கிரேனை நகர்த்தவில்லை. அவர் கேட்டதற்கு என்னிடமிருந்து பதில் வராததால், அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை என்று புரிந்துகொண்டார். அதிலிருந்து யாராவது 'செட் செத்துப்போச்சு' என்று வந்தால் நான் முதலில் தொடுவது அந்தக் குமிழைத்தான். பேட்டரி பிறகு. மழைக்குச் செட்டில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுகிறீர்களே, கட்டின பிறகு ஒருதடவை பேசிப் பாருங்கள். பைக்குள்ளிருந்து வரும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

முதல் மாதங்களில் நானும் எல்லாரையும் போல 'இறக்கு, இறக்கு, இறக்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் சின்னக் குரல். பாய்க்குச் சலிப்பு வந்துவிட்டது.

"மணியம், நீ தாலாட்டுப் பாடுற மாதிரி இருக்கு. தூக்கம் வருது. இன்னும் எவ்வளவு இருக்குன்னு சொல்லு லா."

"எப்படிச் சொல்றது பாய்?"

"மீட்டர்ல சொல்லு."

எனக்கு மீட்டர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மூன்று என்றால் ஐந்து இருக்கும். இரண்டு என்றால் தரையில் முட்டியிருக்கும். பாய் ஒருநாள் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்க, நோன்பு நேரத்துல என்னைய பேச வைக்கிற" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் லெட்சுமிக்கு நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். கல்யாண மாலை சொல்ல ஒரு குடும்பம் வந்தது. லெட்சுமி அவர்களைக் கேட்டாள், "மாப்பிள்ளைக்கு எது வரைக்கும் வேணும்? மார் வரைக்கா, இடுப்பு வரைக்கா, முட்டி வரைக்கா?" எத்தனையோ வருஷமாக அவள் வாயில் கேட்ட கேள்விதான். மாப்பிள்ளையைக் கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள், அளவு முடிந்தது. டேப்பை அவள் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை பின்பக்கம் ஒரு பலகைக் கட்டு இறங்கியது. நான் பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, ஆரம்பித்தேன்.

"வா பாய். ரெண்டு ஆள் உயரம். ரெண்டு ஆள். ஒண்ணரை ஆள். ஒரு ஆள். தலை. தோள். மார். மெதுவா பாய். இடுப்பு. தொடை. முட்டி. முட்டி. கணுக்கால். நிறுத்து."

தரையில் முட்டை வைத்தது போல இறங்கியது. அப்புறம் பாய் சிரித்தார். வாக்கிடாக்கியில் சிரிப்பு கரகரவென்று தகரம் உருள்வது மாதிரி வரும்.

"என்ன மணியம், எனக்கு மாலை கட்டிப் போடுறியா?"

அன்றிலிருந்து அவர் என்னைப் 'பூக்காரரே' என்றுதான் கூப்பிட்டார். நான் 'இறக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டேன். அளவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் இறங்கும், சொல்லாவிட்டால் நிற்கும். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வாக்கிடாக்கியின் தோல் உறையில் ஊறிய வேர்வை வாசனை வரும். சாயங்கால வெயிலில் கிரேனின் நிழல் மண்ணில் நீளமாகச் சுற்றி வரும். பாய் மேலிருந்து, "பூக்காரரே, ஜூரோங் பக்கம் மழை நிக்குது, இன்னும் கொஞ்ச நேரத்துல உனக்கு வரும்" என்பார். சொன்ன மாதிரியே வரும்.

ஒருநாள் காலையில் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது, நல்ல பிள்ளை. நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"அங்கிள், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்டாண்டர்ட் வார்த்தையில சொல்லுங்க. நாளைக்கு நீங்க லீவுன்னா வேற ஆள் வந்து நிப்பாங்க. அவங்க முட்டின்னு சொன்னா, யாரோட முட்டி? உங்க முட்டியா, அவங்க முட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. "சரி மிஸ்" என்றேன். அவர் போன பிறகு 'இறக்கு, இறக்கு' என்று ஒரு கட்டை இறக்கினேன். பாதியில் கிரேன் நின்றுவிட்டது.

"யாரு பேசுறது?" என்றார் பாய்.

"நான்தான் பாய். மணியம்."

"ஏன் லா இப்படிப் பேசுற? இந்த செட்டுல எல்லார் குரலும் ஒரே மாதிரி. யாருன்னே எனக்குத் தெரியல. பழையபடி பேசு, மிஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பழையபடி பேசினேன். மத்தியானம் வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானச் சோற்றுக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்கம் ஒரு சுவர் இறங்க வேண்டும். தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவருகிற முழுச் சுவர். நின்றிருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே அதைச் செருக வேண்டும். அது உட்காரும் இடத்தில் சின்னதுரையும் ரஃபீக்கும் நின்றார்கள். சின்னதுரை அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரஃபீக் பங்களாதேஷ்காரர். பக்கத்து அறையில் காங்கிரீட் உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் காதிலும் பஞ்சு அடைப்பு.

"தோள் பாய். மார். மார். மெதுவா. இடுப்பு. நிறுத்து."

சுவர் இடுப்பு உயரத்தில் நின்றது. கீழே, அது உட்காரும் இடத்தில், ஒரு மரத்துண்டு கிடப்பதைச் சின்னதுரை பார்த்துவிட்டான். குச்சியால் தள்ள வேண்டும். இல்லையென்றால் சுவரை மேலே தூக்கச் சொல்ல வேண்டும். அவன் அப்படியே குனிந்து, தலையும் தோளும் சுவருக்கு அடியில் போக, கையை நீட்டினான். நான் அவனை அதட்ட வாயைத் திறந்தேன்.

அப்போது என் செட்டில் ஒரு குரல் கேட்டது.

"இறக்கு. இறக்கு. இறக்கிட்டே இரு. இறக்கு."

தமிழ்க் குரல். பின்னால் இயந்திரச் சத்தம். என் குரல் போலவேதான் இருந்தது, எனக்கே. ஆனால் நான் பொத்தானை அழுத்தவில்லை.

நான் பொத்தானை அழுத்தி "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். தம்பிகளே, ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால் எந்தக் குரல் பலமோ அதுதான் போய்ச் சேரும். என் செட் கட்டடத்துக்குப் பின்னால். அந்தக் குரல் எங்கிருந்தோ வெட்டவெளியிலிருந்து வருகிறது. பொத்தானை விட்டதும் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "இறக்கு. இறக்கு." நடுவில் எங்கள் சூப்பர்வைசரின் குரலும் வந்து விழுந்தது. அவர் சீனர், முன்பக்கம் நின்றார். அந்தக் குரலை அவரும் என்னுடையது என்று நினைத்துவிட்டார்.

"பாய், ஏன் ஸ்டாப்? மணியம் சொல்றான்ல, இறக்கு லா! லாரி வெயிட்டிங்!"

செட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். கையில் வைத்திருந்தால் இன்னும் ஒருமுறை அழுத்திக் கத்தத் தோன்றும். அதற்கு நேரம் இல்லை. சின்னதுரையின் இடுப்புவாரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இருவரும் மண்ணில் விழுந்தோம். என்ன ஏதென்று புரியாமல் ரஃபீக்கும் பின்னால் தாவினார். மல்லாந்து கிடந்தபடி நான் சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன்.

அது அசையவில்லை. இடுப்பு உயரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவனைப் பிழைக்க வைத்தது நான் இழுத்தது இல்லை, தம்பிகளே. சுவர் இறங்க ஆரம்பித்திருந்தால், நான் போய்ச் சேருமுன் அவன் மேல் வந்திருக்கும். அது வரவேயில்லை.

சின்னதுரை, "என்னண்ணே, சட்டையக் கிழிச்சுட்டீங்க" என்றான். கையில் அந்த மரத்துண்டு இருந்தது.

மண்ணில் கிடந்த செட்டில் அந்த அந்நியக் குரல் ஓய்ந்தது. பாய் பேசினார். சத்தம் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மாதிரி கேட்டார்.

"மணியம், இப்ப இறக்குன்னு சொன்னது யாரு?"

செட்டை எடுத்தேன். அழுத்தி, மூச்சு விட்டுத்தான் பேசினேன், அந்த வழக்கம் மட்டும் போகவில்லை.

"நான் இல்ல பாய்."

"தெரியும். நீதான் இறக்குன்னு சொல்லவே மாட்டியே, பூக்காரரே."

இரண்டு தெரு தள்ளி இன்னொரு கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே அன்றைக்குப் புதிதாக வாடகைக்கு எடுத்த செட்டுகள். எங்கள் சேனலிலேயே வந்திருக்கின்றன. அங்கே ஒரு தமிழ்த் தம்பி, அவனுடைய கிரேனுக்கு, அவனுடைய சாமானை ஒழுங்காக இறக்கிக்கொண்டிருந்தான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. சூப்பர்வைசர் அன்றே அங்கே நடந்து போய்ப் பேசி, சேனலை மாற்ற வைத்துவிட்டு வந்தார். வந்தவர் என் தோளைத் தட்டிவிட்டு, சின்னதுரையைப் பிடித்துத் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. திட்டி முடித்து அவரே அவனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பாதுகாப்பு அதிகாரிப் பெண் மறுநாள் வந்து பாய், சூப்பர்வைசர், நான் என்று எங்கள் மூவரிடமும் கேட்டுவிட்டு, ஒரு முடிவு சொன்னார். முதலில் பேர், பிறகு ஸ்டாண்டர்ட் வார்த்தை, அதற்குப் பிறகு உங்கள் இடுப்பும் முட்டியும். 'காதர் பாய், மணியம், இறக்கு, இடுப்பு.' வாய்க்கு நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. என் அளவு எனக்கும் பாய்க்கும் மட்டும் தெரிந்த பாஷை. நான் இல்லாத நாளில் அது யாரையும் காப்பாற்றாது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். இப்போது வருகிற செட்டுகளில் மற்றவர் குரல் நுழையாது என்கிறார்கள். இருக்கட்டும். பேரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இன்னொன்று. பாய்க்கு அன்று கீழே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. சின்னதுரை குனிந்தது தெரியாது. காதில் விழுந்ததெல்லாம் இறக்கு என்ற உத்தரவுதான், சூப்பர்வைசர் சொன்னது உட்பட. 'நிறுத்து' என்று நான் சொன்ன பிறகு, நான் பேசுகிற மாதிரி நான் பேசுகிற வரை நகர்த்துவதில்லை என்று உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒருநாள் கேட்டேன், "பாஸ் சொல்லியும் எப்படி பாய் சும்மா இருந்தீங்க?" என்று. "இறக்கினா திரும்ப ஏத்த முடியாதது சிலது இருக்கு லா. நிறுத்தினா திட்டுத்தான்" என்றார்.

சுவர் பாதியில் நின்ற அன்று மத்தியானச் சோற்றுக்குப் பாய் கீழே இறங்கினார். ஏணியில் அந்த நேரத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. நேராக நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். நான் எழுந்தேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை இருந்தது. ஒரு சொல்கூட வரவில்லை. அவரும் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "குடி" என்றார். குடித்தேன். அவ்வளவுதான். அவர் மறுபடி ஏறிப் போய்விட்டார்.

மேலே போய் உட்கார்ந்ததும் செட்டில் கூப்பிட்டார்.

"பூக்காரரே, இப்ப சொல்லு."

"என்ன பாய்?"

"கீழ சொல்ல வந்தியே, அது."

பொத்தானை அழுத்தினேன். மூச்சு விட்டேன். சொன்னேன். சேனலில் இருந்த எல்லாரும் கேட்டிருப்பார்கள், பரவாயில்லை. அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

செட்டை வைத்துக்கொண்ட பக்கத்துக் காது மந்தமானதும் டாக்டர் போதும் என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். கேட்க முடியாதவன் பேசக் கூடாது. பாய் இன்னும் கிரேனில்தான் இருக்கிறார். பெருநாளுக்குப் பிரியாணி வரும், தீபாவளிக்கு முறுக்குப் போகும். போனில் கூப்பிட்டால் இன்னும் 'வா பாய்' என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

சுவர் பாதியில் நின்ற அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சின்னதுரை கடைக்கு வந்தான். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி. நான் வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. லெட்சுமிக்கு அவன் வேலையிடத்துப் பையன், அவ்வளவுதான்.

"அம்மனுக்கு ஒரு மாலை வேணும்க்கா" என்றான்.

"எது வரைக்கும் தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் நாரைப் பார்த்தேன்.

"இடுப்பு வரைக்கும்."

"அம்மன் பெரிய சிலையாச்சே. இடுப்பு பத்தாதுப்பா, முட்டி வரைக்கும் போட்டாத்தான் பார்க்க நல்லா இருக்கும்."

"இல்லக்கா" என்றான் சின்னதுரை. "இடுப்போட நின்னா போதும்."